முதலில் விதைக்கு, பிறகு குழம்புக்கு

கேள்வி:

பெங்களூரு ராமமூர்த்தி நகரில் வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். வீட்டுக்காரரின் அனுமதியோடு மொட்டை மாடியில் தொட்டிகளிலும் பைகளிலும் காய்கறி வளர்க்கிறோம். துறையூர்ப் பக்கத்திலிருந்து எங்களோடு வந்து தங்கியிருக்கும் என் மாமியார் ஊரிலிருந்து அவரை, சுரை, கத்தரி விதைகளைக் கொண்டு வந்தார். முதல் ஆண்டு எல்லாம் நன்றாகக் காய்த்தன. மறு ஆண்டு தை மாதம் போட்ட அவரை பந்தல் முழுவதும் படர்ந்ததே தவிர, மாதக்கணக்கில் பூக்கவே இல்லை. எடுத்து வைத்த விதையில் வண்டு விழுந்துவிட்டது. பாக்கெட் விதையில் வளர்ந்த தக்காளியிலிருந்து விதை எடுத்துப் போட்டதில் செடிக்கு ஒரு விதமாகக் காய்த்தது. சுரைக்காய் ஒன்று கடுமையாகக் கசந்தது. நல்ல காயை விதைக்கு விட வேண்டும் என்று மாமியாரும், பிஞ்சிலேயே பறித்தால்தான் கூட்டு ருசிக்கும் என்று கணவரும் சொல்வதால் ஒவ்வொரு முறையும் வீட்டில் வாக்குவாதம் வருகிறது. பதினொரு வயது மகளையும் ஆறு வயது மகனையும் இந்த வேலையில் சேர்த்துக்கொள்ள ஆசைப்படுகிறேன். நாங்களே விதை எடுப்பதைத் தொடரலாமா, ஆண்டுதோறும் பாக்கெட் வாங்குவதுதான் நல்லதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

தாராளமாகத் தொடருங்கள். நீங்கள் குறைகளாக எழுதியிருப்பவற்றில் சுரைக்காயின் கசப்பு ஒன்றைத் தவிர மற்ற எதுவும் கவலைப்படக் கூடியதல்ல. ஒவ்வொன்றுக்கும் தெளிவான காரணம் உண்டு, காரணம் தெரிந்தால் திருத்திக்கொள்ளவும் முடியும். ஆனால் விதை நோயையும் வண்டையும் பற்றிப் பேசுவதற்கு முன்னால் உங்கள் மாமியாருக்கும் கணவருக்கும் நடக்கும் வாக்குவாதத்தைத்தான் நான் எடுத்துக்கொள்ள விரும்புகிறேன், ஏனென்றால் வீட்டில் விதை எடுக்கும் பழக்கம் நின்றுபோவது பெரும்பாலும் வண்டால் அல்ல, அடுப்பால்தான். விதைக்கு என்று மனதில் நினைத்திருந்த காய், அவசரமான ஒரு காலை வேளையில் சாம்பாரில் விழுந்துவிடுகிறது. அடுத்த பட்டத்திற்கு, அதாவது அடுத்த விதைப்புப் பருவத்திற்கு, விதை இருப்பதில்லை.

இருவர் சொல்வதும் சரிதான். ஆனால் எல்லாக் காய்க்கும் சரியல்ல. காய்கறிகளில் சிலவற்றை நாம் முற்றிய பிறகு சாப்பிடுகிறோம்: பழுத்த தக்காளி, பரங்கி, சிவந்த மிளகாய், பெங்களூரு சந்தைகளில் மஞ்சள் நிறத்தில் குவித்து வைத்திருக்கும் மங்களூர் வெள்ளரி. இவற்றில் விதையும் சதையும் ஒரே நேரத்தில் பக்குவத்திற்கு வருவதால், பரங்கியை அரியும்போது வழித்துப் போடும் விதையே அடுத்த ஆண்டுக்கான விதையாகிவிடும், சாம்பாருக்கும் எந்த இழப்பும் இல்லை. ஆகவே இவற்றைப் பொறுத்தவரை வாக்குவாதத்திற்கே இடமில்லை. வெண்டை, கத்தரி, சுரை, பீர்க்கு, பிஞ்சாகச் சமைக்கும் அவரை ஆகியவை வேறு வகை. நாம் இவற்றை விதை முற்றுவதற்கு வெகு முன்னதாகவே பறித்துவிடுகிறோம். வெண்டைக்காய் செடியிலேயே பழுப்பேறி நாராகி வெடிக்கும் நிலைக்கு வர வேண்டும். கத்தரிக்காய் தன் ஊதா நிறத்தை இழந்து மஞ்சளாகித் தொய்ய வேண்டும். சுரைக்காய் ஓடாகி, ஆட்டினால் உள்ளே விதை கலகலக்க வேண்டும். அந்தக் காய் சமையலுக்கு இல்லை என்று முன்கூட்டியே முடிவு செய்தால் ஒழிய விதை கிடைக்காது. இந்த இடத்தில் உங்கள் மாமியாரின் பேச்சுதான் எடுபட வேண்டும்.

கணவரின் கவலையிலும் ஓர் உண்மை இருக்கிறது. வெண்டையிலோ அவரையிலோ காயை முற்ற விட்டால், செடி தன் வேலை முடிந்துவிட்டதாகக் கருதிப் புதிய பூ விடுவதைக் குறைத்துக்கொள்ளும். எல்லாச் செடியிலும் ஆளுக்கொரு காயை விதைக்கு விட்டால் தோட்டம் முழுவதும் காய்ப்பு இளைக்கும். அதற்குப் பதிலாக நோயில்லாத, நன்றாகக் கிளைத்த ஒன்றிரண்டு செடிகளைத் தேர்ந்து, முதல் சில பறிப்புகளைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, அதன்பின் நடுப்பருவத்தில் வரும் காய்களை முழுவதுமாக விதைக்கு விட்டுவிடுங்கள். மற்றச் செடிகளைத் தயக்கமில்லாமல் பிஞ்சிலேயே பறியுங்கள். பருவம் முடிந்து செடி ஓய்ந்தபின் கடைசியாகத் தொங்கும் நோஞ்சான் காய்களை விதைக்கு எடுப்பது நகரத்து வீடுகளில் வழக்கமாகிவிட்டது, ஏனென்றால் அவற்றை யாரும் சமைக்க விரும்புவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு இப்படியே செய்தால் நமக்கு மிச்சமாவது நோஞ்சான் செடியின் வழித்தோன்றல்தான். விதைக்கு விட்ட செடியில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி வையுங்கள். அந்த நூலைக் கட்டும் பொறுப்பை உங்கள் மகளிடம் கொடுங்கள். நூல் கட்டிய காயை அப்பாவே கேட்டாலும் பறிக்கக் கூடாது என்ற விதியையும் அவள் பொறுப்பிலேயே விடுங்கள்.

பசியோடு வந்த அடியவருக்கு அமுது படைக்க, மழை இரவில் வயலில் விதைத்த நெல்லையே வாரிக்கொண்டு வந்த இளையான்குடி மாறனாரின் கதை உங்கள் மாமியாருக்குத் தெரிந்திருக்கும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் தொடக்கூடியது விதை என்று நம் மக்கள் கருதியதால்தான் அவருடைய செயல் அவ்வளவு பெரிதாகப் போற்றப்பட்டது. இந்தக் கதையைப் பிள்ளைகளுக்கு அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்.

இனி அவரைக்கு வருகிறேன். உங்கள் கொடி பூக்காததற்கு விதையிலும் குறையில்லை, உரத்திலும் குறையில்லை. விதைத்த மாதம்தான் தவறு. நாட்டு அவரை வகைகளில் பெரும்பாலானவை பகல் பொழுது குறுகும்போது மட்டுமே பூப்பவை. பெங்களூரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான் என்றாலும், அந்தச் சிறு வேறுபாட்டை அவரைச் செடி துல்லியமாக உணர்ந்துகொள்கிறது. தையில் போட்ட விதை, நாள் நீண்டுகொண்டே போகும் மாதங்களில் வளர்வதால் இலையும் கொடியுமாகவே ஓடி, ஐப்பசி வரை காத்திருக்கும். அதே விதையை ஆடியில் ஊன்றினால் மூன்று மாதம் கொடி வளர்ந்து, பகல் குறையத் தொடங்கியதும் பூத்து, மார்கழி தை மாதங்களில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். ஆடிப்பட்டம் தேடி விதை என்ற சொல் அவரையைப் பொறுத்தவரை எழுத்துக்கு எழுத்து உண்மை. பெங்களூரு சந்தைகளில் அவரைக்காய் மூட்டை மூட்டையாக வந்து இறங்குவதும், வி.வி.புரத்தில் அவரைப் பருப்பு மேளா நடப்பதும் மார்கழி, தை மாதங்களையொட்டித்தான் என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: உங்கள் பந்தலின் மீது தெருவிளக்கோ மாடிப்படி விளக்கோ இரவு முழுவதும் விழுமானால், இரவு சுருங்கிவிட்டதாகச் செடிக்குப் பொய்த் தோற்றம் ஏற்பட்டு, சரியான பட்டத்தில் விதைத்தாலும் பூப்பது தள்ளிப்போகலாம். அந்த விளக்கை அணைக்க முடியாவிட்டால் பந்தலை மறுபக்கம் மாற்றிவிடுங்கள்.

பட்டம் பாராமல் எப்போதும் அவரை வேண்டும் என்று கணவர் விரும்பினால் அதற்கும் வழி இருக்கிறது. ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா ஜெய், அர்கா விஜய் என்னும் குத்து அவரை வகைகளும், பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஹெப்பாள் அவரை வகைகளும் பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாமல் காய்ப்பவை. குட்டையாக வளர்வதால் பைகளுக்கும் ஏற்றவை. இவை ஹைப்ரிட் அல்ல, ஆகவே அவற்றின் விதையையும் நீங்களே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஊர் அவரைக்கு இவை மாற்று ஆகிவிடக் கூடாது என்பது என் கருத்து. துறையூரிலிருந்து வந்த அந்தக் கொடியின் மணம் உங்கள் குடும்பத்துக்குச் சொந்தமானது. அதை ஆடியில் போட்டு ஆண்டுக்கு ஒரு முறை காய்க்க விடுங்கள்.

அந்த அவரையை வைத்துப் பிள்ளைகளைச் சமையலுக்குள் கொண்டுவர, பிதுக்குப் பருப்புக் குழம்பைக் காட்டிலும் நல்ல தொடக்கம் எனக்குத் தோன்றவில்லை. முற்றிய ஆனால் இன்னும் பச்சையாக இருக்கும் அவரைக்காயை உரித்து, கொட்டையை இரவு தண்ணீரில் ஊறப்போட்டால் காலையில் தோல் தளர்ந்திருக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஓர் அழுத்து அழுத்தினால் பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே துள்ளும், தோல் மட்டும் விரலில் தங்கும். ஆறு வயதுப் பிள்ளையின் விரல்களுக்கு இந்த வேலை நமக்கு வருவதைவிட நன்றாக வரும். ஒரு கிண்ணம் பருப்புக்கு ஒரு மணி நேரம் ஆகும் என்பதால் குடும்பமே சுற்றி உட்கார வேண்டியிருக்கும். வெங்காயம், தக்காளி, இஞ்சி, பூண்டு, கொத்துமல்லி, தேங்காய் அரைத்துவிட்டு வைக்கும் இந்தக் குழம்பு கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துத் தமிழ் வீடுகளிலும் பெங்களூரின் கன்னட வீடுகளிலும் ஏறக்குறைய ஒரே ருசியில் இருக்கும். களிக்கும் தோசைக்கும் சோற்றுக்கும் பொருந்தும். ஊறப்போடுவதற்கு முன்னால் கொட்டைகளைத் தாம்பாளத்தில் பரப்பிப் பிள்ளைகளையே தரம் பிரிக்கச் சொல்லுங்கள்: சுருங்கியவை, புள்ளி விழுந்தவை, துளையிட்டவை எவை என்று பார்க்கும் அந்தக் கண்தான் பிறகு காய்ந்த விதையைத் தேர்ந்தெடுக்கவும் பயன்படும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. காய்ந்த அவரைக் கொட்டையையோ மொச்சையையோ பிள்ளைகள் பச்சையாக மெல்ல விடாதீர்கள். இரவு முழுவதும் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாக வேகவைத்த பிறகே அவற்றை உண்ண வேண்டும். அதேபோல் கடையில் வாங்கும் விதைப் பாக்கெட்டுகளில் இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ நீலமாகவோ சாயம் பூசியது போல் இருக்கும் விதைகள் பூஞ்சணக்கொல்லி மருந்து தடவப்பட்டவை. அவற்றைப் பிள்ளைகள் கையால் எடுத்து ஊன்றக் கூடாது, முளைகட்டித் தின்னவும் கூடாது. மாமியாரின் விதைப்பெட்டியில் பல்லாங்குழி ஆடுவதற்கென்று குன்றிமணியோ, வேலியோரத்தில் ஊன்றுவதற்கென்று ஆமணக்கு விதையோ இருந்தால், அவற்றை இன்றே தனியே எடுத்து எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். இரண்டும் கடும் நஞ்சு. மெல்லப்பட்டால் ஒன்றிரண்டு விதைகூடச் சிறு பிள்ளையின் உயிருக்கு ஆபத்தாகலாம்.

இதே தீவிரத்தோடு சுரைக்காயைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. கசந்த சுரைக்காயைச் சமைத்துச் சாப்பிடவில்லை என்று நம்புகிறேன். சுரை, வெள்ளரி, பீர்க்கு இனங்களில் தோன்றும் அந்தக் கசப்பு, குக்கர்பிட்டசின் என்னும் நச்சுப் பொருளால் வருவது; கொதிக்க வைத்தாலும் அது அழிவதில்லை, உப்பும் புளியும் அதை மறைக்கலாமே தவிரப் போக்காது. கசக்கும் சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து நம் நாட்டில் உயிரிழப்பே நேர்ந்ததால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வல்லுநர் குழு ஒன்றை அமைத்து, கசப்பான சுரைக்காய்ச் சாற்றை அருந்தவே கூடாது என்று அறிவுறுத்தியது. பாகற்காயின் கசப்பு இயல்பானது, அதையும் இதையும் ஒன்றாக எண்ண வேண்டாம். வீட்டு விதையில் காய்த்த சுரையை அரியும்போதெல்லாம் காம்புப் பக்கத்தில் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, காய் முழுவதையும் எறிந்துவிடுங்கள். இந்தச் சோதனையைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும், பிள்ளைகளிடம் விடக் கூடாது. தெரியாமல் சாப்பிட்டு, வாந்தியோ வயிற்றுப்போக்கோ வயிற்றுவலியோ வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கசப்பு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். சுரையில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. பூச்சிகள்தான் மகரந்தத்தைச் சுமக்கின்றன. அக்கம்பக்கத்தில் எங்கோ தானாக முளைத்துப் படர்ந்த கசப்புச் சுரையின் மகரந்தம் உங்கள் பூவில் விழுந்திருந்தால், அந்த ஆண்டுக் காயில் ஒன்றும் தெரியாது. அதன் விதையைப் போட்டு வளர்த்த கொடியில்தான் மாற்றம் வெளிப்படும். ஊரில் ஒரு தோட்டம் முழுக்க ஒரே சுரை என்பதால் மாமியாருக்கு இந்தத் தொல்லை வந்திருக்காது. நெருக்கமான நகரத்தில் சுரைக்கு விதை எடுக்க வேண்டுமானால் பூவை நாமே காவல் காக்க வேண்டும். சுரையின் வெள்ளைப் பூ மாலையில் விரிவது இதற்கு வசதி. மறுநாள் விரியப்போகும் நிலையில் உள்ள, அடியில் குட்டிக் காயோடு கூடிய பெண் மொட்டு ஒன்றையும், அதே விதையில் வந்த வேறொரு கொடியின் ஆண் மொட்டு ஒன்றையும் நூலால் தளர்வாகக் கட்டி வைத்து, மறுநாள் மாலை கணவர் வேலை முடிந்து வந்ததும் அவிழ்த்து, ஆண் பூவின் இதழ்களைக் கிள்ளிவிட்டு அதன் நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தேய்த்து, மீண்டும் பெண் பூவைக் கட்டிவிட வேண்டும். ஒரே கொடிதான் இருக்கிறது என்றால் அதன் ஆண் பூவையே பயன்படுத்தலாம். காய் பிடித்தால் சிவப்பு நூல்.

தக்காளி விஷயம் எளிது. நீங்கள் வாங்கிய பாக்கெட்டில் எஃப் ஒன் என்றோ ஹைப்ரிட் என்றோ அச்சிட்டிருக்கும். இரண்டு வேறு வகைகளை இணைத்து உருவாக்கிய முதல் தலைமுறை அது. அதன் விதையைப் போட்டால் தாத்தா பாட்டி குணங்களெல்லாம் பிரிந்து செடிக்கொன்றாக வெளிப்படும். அந்தக் காய்களை உண்பதால் எந்தத் தீங்கும் இல்லை, ஒரே மாதிரியாக இருக்காது என்பதுதான் குறை. ஹைப்ரிட் என்றால் மரபணு மாற்றப்பட்டது என்று பலர் அஞ்சுகிறார்கள். அது வேறு, இது வேறு. நம் நாட்டில் விவசாயிகள் பயிரிட அனுமதி பெற்றுப் பரவியிருக்கும் மரபணு மாற்றப் பயிர் பருத்தி ஒன்றுதான், பி.டி. கத்தரியை 2010-லேயே நிறுத்தி வைத்துவிட்டார்கள். விதை எடுக்க வேண்டுமானால் ஹைப்ரிட் அல்லாத, விதையிலும் குணம் மாறாத தேர்வு வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஹெசரகட்டா நிறுவனத்தின் வெளியீடுகளிலேயே அர்கா ரக்ஷக் ஹைப்ரிட், விதைக்கு ஆகாது. அர்கா விகாஸ் தேர்வு வகை, ஆண்டுக்கு ஆண்டு அதே காயைத் தரும். நோய் தாங்கும் ஹைப்ரிட் தக்காளியைச் சமையலுக்கென்று ஒன்றிரண்டு பைகளில் வளர்ப்பதில் தவறேதும் இல்லை. நாட்டு விதை மட்டுமே தூயது, மற்றதெல்லாம் விஷம் என்ற பேச்சு எனக்கு உடன்பாடானதல்ல.

தக்காளியிலிருந்து விதை எடுக்கும் வேலை முழுவதையும் மகளிடமே ஒப்படைக்கலாம். நன்றாகப் பழுத்த பழத்தைக் குறுக்கே அறுத்து, வழுவழுப்போடு விதையைக் கண்ணாடித் தம்ளரில் பிழிந்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு, துணியால் மூடி இரண்டு நாள் வைத்தால் மேலே வெள்ளையாக ஆடை படியும், புளித்த வாடை வரும். விதையைச் சுற்றியுள்ள அந்த வழுவழுப்பு முளைப்பதைத் தடுத்து வைத்திருப்பது. புளிக்கும்போது அது கரைந்துபோகிறது, விதையின் மேல் ஒட்டியிருக்கும் சில நோய்க்கிருமிகளும் குறைகின்றன. பிறகு தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் நல்ல விதை அடியில் தங்கும், உள்ளீடற்ற சாவி விதையும் சதையும் மிதக்கும். பீங்கான் தட்டில் பரப்பிக் காயவையுங்கள். காகிதத்தில் போட்டால் ஒட்டிக்கொள்ளும். பிழிந்த தக்காளியை எறிய வேண்டியதில்லை, அன்றைய ரசத்துக்கு அது போதும்.

கத்தரியிலும் மிளகாயிலும் பூவுக்குள்ளேயே மகரந்தச் சேர்க்கை பெரும்பாலும் நடந்துவிடும் என்றாலும், பூச்சிகளால் கலப்பதும் உண்டு. காரமான மிளகாயையும் குடைமிளகாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால், விதைக்கு விடும் கிளையை மெல்லிய வலைத்துணிப் பையால் மூடிவிடுங்கள். காய் பிடித்தபின் பையை எடுத்துவிடலாம். அவரை, காராமணி, பீன்ஸ் ஆகியவற்றுக்கு இந்தப் பாடு பெரும்பாலும் தேவைப்படாது. கீரையைப் பொறுத்தவரை, நான்கைந்து நல்ல தண்டுகளைப் பறிக்காமல் கதிர் முற்ற விட்டால் போதும். கதிரை முறத்தில் தட்டினால் அடுத்த ஆண்டு முழுவதும் தூவுமளவுக்கு விதை கொட்டும்.

வண்டுக்கு வருவோம். பயறு வண்டு பாத்திரத்துக்குள் வெளியிலிருந்து நுழைந்ததாக நினைக்க வேண்டாம். காய் செடியில் முற்றும்போதே தாய்வண்டு அதன் மேல் முட்டையிட்டுவிடுகிறது, புழு விதையைத் துளைத்து உள்ளே போய்விடுகிறது; நாம் பார்ப்பது பல வாரம் கழித்து வெளிவரும் வண்டை மட்டும்தான். விதையின் மேல் ஊசிமுனை அளவில் வெள்ளைப் பொட்டுகள் ஒட்டியிருந்தால் அவை முட்டைகள். ஆகவே மூடியை இறுக்கினால் மட்டும் போதாது. ஊரில் துவரை போன்ற பயறுகளுக்குச் செம்மண் கட்டிக் காயவைப்பதும், சாம்பலில் புரட்டி வைப்பதும், பரங்கி, சுரை விதைகளைச் சாண உருண்டையில் பதித்துச் சுவரில் அப்புவதும் இதற்காகத்தான். பெங்களூரு வாடகை வீட்டில் சாம்பலுக்கும் சாணத்துக்கும் எங்கே போவது என்றால், விளக்கெண்ணெய் இருக்கிறது: ஒரு கிலோ விதைக்கு ஒரு தேக்கரண்டி என்ற கணக்கில், உங்கள் கைப்பிடி விதைக்கு ஒன்றிரண்டு துளி விட்டுப் புரட்டினால் வண்டு முட்டையிடுவது தடைபடும். அதைவிட உறுதியான வழி, நன்றாகக் காய்ந்த விதையைக் காற்றுப் புகாத பாட்டிலில் போட்டு ஃப்ரீசரில் ஒரு வாரம் வைப்பது. முட்டையும் புழுவும் செத்துவிடும், விதைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஈரப்பதம் உள்ள விதையை ஃப்ரீசரில் வைத்தால் விதையும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பாட்டிலைத் திறக்காமல், குளிர் முழுவதும் விட்ட பிறகு திறக்க வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

காய்ந்ததா இல்லையா என்பதை விரலும் பல்லும் சொல்லிவிடும். அவரை விதையைக் கடித்தால் பல் பதியக் கூடாது. பரங்கி விதையை வளைத்தால் வளையாமல் படக்கென்று ஒடிய வேண்டும். விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது விதை அறிவியலில் நெடுங்காலமாகப் பயன்படும் கணக்கு. அதற்காக உச்சி வெயிலில், கொதிக்கும் மாடித் தரையில் தகரத் தட்டில் காயவைத்தால் கரு வெந்துபோகும். காற்றோட்டமுள்ள நிழலில் ஒரு வாரம், இளங்காலை வெயிலில் சிறிது நேரம் என்பதே சரியான அளவு. இந்த ஊரில் ஆனி முதல் ஐப்பசி வரை காற்றில் ஈரம் அதிகம், அந்த மாதங்களில் எடுத்த விதை முழுமையாகக் காய்வது கடினம்; பாட்டிலின் அடியில் வெறும் வாணலியில் வறுத்து ஆறவைத்த அரிசியைத் துணியில் முடிந்து போட்டு, அதன் மேல் விதை உறையை வைத்தால் மிச்ச ஈரத்தை அரிசி இழுத்துக்கொள்ளும். தை, மாசியில் எடுக்கும் அவரைக்கு இந்தக் கவலை இல்லை.

உறையின் மேல் பெயரும், எடுத்த மாதமும் ஆண்டும், விதை எங்கிருந்து வந்தது என்பதும் கட்டாயம் எழுதப்பட வேண்டும். எழுதுவது மகளாகவும், சொல்வது அப்பாயியாகவும் இருக்கட்டும். எந்தக் கொடி முதலில் காய்த்தது, எதில் பூச்சி விழவில்லை, யார் வீட்டு வேலியிலிருந்து முதலில் விதை வாங்கியது என்பதெல்லாம் இன்று உங்கள் மாமியாரின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. விதையை மீட்க ஊரில் யாரிடமாவது கேட்டுப் பார்க்கலாம். அந்த விவரங்களை மீட்க முடியாது. அவர் சொல்வதை அவர் சொல்லும் வார்த்தைகளிலேயே ஒரு நோட்டில் பதியுங்கள். விதைப்பது, எடுப்பது, சமைப்பது மூன்றிலும் அந்த வீட்டில் அவர்தான் தேர்ந்தவர் என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது.

எல்லாவற்றையும் ஒவ்வோர் ஆண்டும் விதைத்தாக வேண்டும் என்று உங்களை நீங்களே வருத்திக்கொள்ள வேண்டாம். 2024 கோடையில் பெங்களூரில் குடிநீருக்கே தட்டுப்பாடு வந்தபோது எத்தனையோ மாடித் தோட்டங்கள் காய்ந்தன. விதையைக் கையில் வைத்திருந்தவர்கள் மழை வந்ததும் மறுபடி தொடங்கினார்கள். நன்றாக உலர்த்திக் குளிர்பெட்டியில் வைத்தால் தக்காளி, கத்தரி விதைகள் நான்கு ஆண்டுகள் வரையிலும், அவரை மூன்று ஆண்டுகள் வரையிலும் முளைப்புத்திறனோடு இருக்கும். வெண்டையை இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிடுவது நல்லது. வெங்காய விதை ஓராண்டுக்கு மேல் தாங்குவது அரிது. எடுத்த விதையில் ஒரு பங்கைப் பக்கத்து வீட்டுக்கோ ஊருக்கோ கொடுத்து வையுங்கள். உங்களிடம் அழிந்தாலும் அவர்களிடம் இருக்கும். அப்படிக் கொடுப்பது சட்டப்படி சரியா என்ற ஐயமும் சிலருக்கு வருகிறது. 2001-ஆம் ஆண்டின் பயிர் வகைகள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், விளைந்த விதையைச் சேமிக்கவும் மீண்டும் விதைக்கவும் பகிர்ந்துகொள்ளவும் விவசாயிக்குள்ள உரிமையை உறுதி செய்கிறது. பதிவு பெற்ற வகையின் விதையை முத்திரையிட்டு விற்பதுதான் கூடாது.

உடனடியாகச் செய்ய வேண்டியவை சில. ஆடி பிறக்க இன்னும் நாள் இருப்பதால், வண்டு துளைக்காத அவரை விதைகளில் பத்தை எடுத்து ஈரத்துணியில் சுற்றி, மகன் தினமும் திறந்து பார்த்துத் தண்ணீர் தெளிக்கும்படி ஒரு தட்டில் வையுங்கள். ஒரு வாரத்தில் எட்டு முளைத்தால் குழிக்கு இரண்டாக ஊன்றுங்கள். ஐந்துதான் முளைத்தது என்றால் குழிக்கு நான்காக ஊன்றி, வளர்ந்தபின் வலுவான இரண்டை விட்டு மற்றவற்றைக் களைந்துவிடுங்கள். முளைத்த அந்த விதைகளையும் வீணாக்காமல் பைகளில் நட்டுவிடலாம். துளை விழுந்தவற்றிலும் கரு தப்பியிருந்தால் சில முளைக்கும், ஆனால் அவற்றை நம்பியிருக்க வேண்டாம். கத்தரிக்கு இப்போதே நாற்று விட்டுவிடுங்கள். சுரையில் மட்டும் கையிலிருக்கும் விதை முழுவதையும், கசக்காத காய்களிலிருந்து எடுத்ததையும் சேர்த்து, எறிந்துவிட்டு, துறையூரில் மாமியாருக்குத் தெரிந்த தோட்டத்திலிருந்து இந்த ஆண்டு கசப்பில்லாமல் காய்த்த கொடியின் விதையைப் புதிதாக வரவழைத்துக்கொள்ளுங்கள்.